தலைக்கு மேலே எத்தனை கிராம்? வேற்றுக் கோளின் வளியில் கதிர்ப்பைக் கணிக்கும் வழி

மட்டக்களப்பில் சாதாரண நாளொன்றில் வளிமண்டல அமுக்கம் 1010 ஹெக்டோபாஸ்கல் அளவில் நிற்கும். மழைக்கும் சூறாவளிக்கும் மட்டும் உரிய எண்ணாக அதை நினைத்துப் பழகிவிட்டோம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்ப்பு நம் உடம்பை எவ்வளவு தொடுகிறது என்பதைத் தீர்மானிப்பதிலும் அதே எண்ணுக்குத்தான் முதலிடம். அமுக்கத்தை ஈர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தால், தலைக்கு மேல் நிற்கும் வளியின் திணிவு கிடைத்துவிடும். 1,01,000 பாஸ்கலை 9.78ஆல் வகுத்துப் பாருங்கள்: சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10,300 கிலோகிராம். அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு 1,030 கிராம். கல்லடிப் பாலத்தில் நிற்கும் ஒருவர் உள்ளங்கையை விரித்தால், அதன் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் மேலே விண்வெளி வரைக்கும் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான வளி நிற்கிறது.

இந்தச் சிறு வகுத்தலை இவ்வளவு முன்னால் கொண்டுவந்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. "வெள்ளிக்குக் காந்தப்புலம் இல்லை, ஆகவே அதன் மேகங்களில் எதுவும் கதிர்ப்புக்குத் தப்பாது" என்ற வாதம் காணொளிகளில் அடிக்கடி வருகிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். வாதம் பிழையானது. எங்கே பிழைக்கிறது என்று தேடிப் போனால் வேற்றுக் கோளொன்றின் வளிமண்டலத்தில் கதிர்ப்பைக் கணிக்கும் வழி முழுவதும் விளங்கிவிடும்.

வெள்ளியின் மேகங்களைப் பற்றிய அக்கறை புதிதல்ல. அங்கே நுண்ணுயிர்கள் இருக்கலாம் என்று 1967இலேயே ஹரோல்ட் மொரோவிட்சும் கார்ல் சேகனும் எழுதினார்கள். 1985 யூனில் சோவியத் ஒன்றியத்தின் வேகா 1, வேகா 2 கலங்கள் ஆளுக்கொரு பலூனை அந்த மேகங்களுக்குள் இறக்கின. சுமார் 54 கிலோமீற்றர் உயரத்தில் இரண்டு நாட்களுக்குக் கொஞ்சம் குறைவான நேரம் அவை மிதந்து செய்தி அனுப்பின. 2020 செப்டெம்பரில் ஜேன் கிரீவ்சின் குழு அங்கே உயிரோடு தொடர்புபட்டிருக்கலாம் எனக் கருதப்படும் பொஸ்பீன் வாயுவின் அடையாளத்தைக் கண்டதாக அறிவித்தபோது பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. அந்த அறிவிப்பு இன்றுவரை சர்ச்சைக்குரியது. ஆனால் அங்கே உயிர் இருக்கிறதா என்று கேட்பவர், உயிரைக் கதிர்ப்பு விட்டுவைக்குமா என்றும் கேட்டே ஆகவேண்டும்.

முதலில், வருவது என்ன? 1912 ஓகஸ்டில் விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீற்றருக்கு மேலே போய், உயரம் கூடக்கூட அயனாக்கம், அதாவது வளியின் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிடுங்கப்படுவது, கூடுவதைக் கண்டார். அதற்குக் காரணமாக விண்வெளியிலிருந்து வரும் துணிக்கைகளைத்தான் அண்டக்கதிர் என்கிறோம். அதில் பெரும்பங்கு புரோத்தன்கள், பத்தில் ஒரு பங்களவு ஈலியக் கருக்கள், நூற்றில் ஒன்று இரும்பு வரையிலான பாரமான கருக்கள். இவை நம் சூரியத் தொகுதிக்கு வெளியே, பெரும்பாலும் வெடித்த விண்மீன்களின் எச்சங்களில் வேகம் பெற்றவை. இது எந்நேரமும் பெய்யும் தூறல். சூரியன் சீறும்போது வரும் துணிக்கைப் புயல் வேறு வகை. அது மணிக்கணக்கில் அல்லது நாட்கணக்கில் வந்து போகும். சக்தி குறைவு, எண்ணிக்கை மிக அதிகம்.

வளிக்குள் புகுந்த புரோத்தன் நேராகக் கீழே வந்து சேர்வதில்லை. கரம் பலகையின் நடுவில் அடுக்கிய காய்களை ஸ்ரைக்கர் உடைப்பதுபோல, அது நைதரசன் கருவையோ காபன் கருவையோ மோதி உடைக்கிறது. சிதறியவை அடுத்த கருக்களை உடைக்கின்றன. பையோன், நியூத்திரன், காமாக் கதிர், இலத்திரன் என்று ஒன்று நூறாகிறது. பையோன்கள் சிதைந்து, இலத்திரனைப் போன்ற ஆனால் அதைவிடப் பாரமான முயோன்கள் ஆகின்றன. இந்தக் கட்டுரையை வாசிக்கும் நேரத்தில் உங்கள் உள்ளங்கை வழியாக நூற்றுக்கணக்கான முயோன்கள் போய்விடும். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்பது கணக்கு.

இதனால் வளி இரண்டு வேலை செய்கிறது. மேலேயுள்ள முதல் சில பத்துக் கிராம்கள் கதிர்ப்பைக் கூட்டுகின்றன. உடைப்பு அங்கேதான் பெருகுகிறது, மறைப்பு இன்னும் போதவில்லை. பூமியில் 15 முதல் 20 கிலோமீற்றர் உயரத்தில் அந்த உச்சம் வருகிறது. 1930களில் எரிக் ரெகனரும் ஜோர்ஜ் போட்சரும் பலூன்களை அனுப்பி இதைக் கண்டுபிடித்தார்கள். உச்சத்தைத் தாண்டிக் கீழே இறங்கினால் துணிக்கைகளின் சக்தி கரையத் தொடங்குகிறது. மோதிச் சிதறும் நியூத்திரன், புரோத்தன் வகைகள் ஏறத்தாழ ஒவ்வொரு 150 கிராம் வளியைத் தாண்டும்போதும் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்று அதிகமான அளவே மிஞ்சும்படி குறைந்துபோகின்றன. முயோன் மட்டும் பிடிவாதமாகக் கீழே வரும்.

ஆகவே நிலத்திலிருந்து எத்தனை கிலோமீற்றர் உயரம் என்பது இந்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் சொல்லாது. தலைக்கு மேலே எத்தனை கிராம் என்பதே கேள்வி. வெள்ளியில் நிலமட்ட அமுக்கம் நம்முடையதைப் போல 90 மடங்குக்கும் மேல். அதனால் 50 கிலோமீற்றர் மேலே ஏறினாலும் இன்னும் நிறைய வளி மிச்சம் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த உயரங்களில் ஈர்ப்பு ஆர்முடுகல் 8.7 அளவு.

50 கிலோமீற்றரில் அமுக்கம் பூமியின் கடல்மட்ட அமுக்கத்தைப் போல 1.07 மடங்கு. வகுத்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 1,240 கிராம். கல்லடிப் பாலத்தில் கிடைத்த 1,030ஐ விட இது அதிகம்! வெப்பநிலைதான் அங்கே 75 பாகை செல்சியஸ். 55 கிலோமீற்றரில் வெப்பநிலை 27 பாகை, நம் ஊரின் மார்கழிப் பகல்போல இதமானது. அமுக்கம் பாதிக்குச் சற்று மேல். திணிவு 620 கிராம். பூமியில் இதே 620 கிராம் எங்கே இருக்கிறது என்று தேடினால் நான்கு கிலோமீற்றருக்குச் சற்று மேலே. பிதுருதலாகலையின் 2,524 மீற்றரை விட அது மிக உயரம்தான், ஆனால் பொலிவியாவில் அவ்வளவு உயரத்தில் நகரங்களே உள்ளன. 60 கிலோமீற்றரில் 275 கிராம். இது பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்குச் சமம்.

இனி மருந்தளவு, அதாவது உடம்பு வாங்கும் கதிர்ப்பின் அளவு. அதை அளக்கும் அலகு சீவேட். உலக சராசரியாக ஒரு மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டொன்றுக்குப் பெறுவது 2.4 மில்லிசீவேட். அதில் அண்டக்கதிரின் பங்கு 0.4க்குச் சற்றுக் குறைவு. பாதிக்கு மேல் நாம் சுவாசிக்கும் ரேடன் வாயுவினால். பொலிவியாவின் லா பாசில் அண்டக்கதிர் மட்டும் ஆண்டுக்கு 2 மில்லிசீவேட் என்று ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழு கணக்கிட்டிருக்கிறது. விமான உயரங்களில் இடத்தைப் பொறுத்து மணித்தியாலத்துக்கு 2 முதல் 8 மைக்ரோசீவேட். இவற்றை வெள்ளிக்கு எடுத்துச் சென்றால் ஒரு முதல் மதிப்பீடு கையில் இருக்கும். 55 கிலோமீற்றரில் ஆண்டுக்கு 2 முதல் 4 மில்லிசீவேட். 60 கிலோமீற்றரில், மணிக்கு 4 அல்லது 5 மைக்ரோசீவேட் என்று வைத்தால், ஆண்டுக்கு 35 முதல் 45 மில்லிசீவேட். இரண்டாவது அளவு, கதிர்ப்புத் தொழிலாளருக்கு அனுமதிக்கப்படும் ஆண்டுச் சராசரியான 20 மில்லிசீவேட்டைத் தாண்டுகிறது. மனிதரை அங்கே வருடக்கணக்கில் இருத்துவது நல்லதல்ல. ஆனால் நுண்ணுயிருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவற்றுள் பல ஆயிரம் மடங்கு அதிகமான அளவையும் தாங்கும். 2015இல் லூயிஸ் டார்ட்னெலின் குழு கணினியில் விரிவாகக் கணித்து வந்து சேர்ந்த முடிவும் அதுவே: மேகப் படையில் உயிருக்கு அண்டக்கதிர் தடையாக இராது.

அப்படியானால் காந்தப்புலம்? இதற்கு நம் கிழக்குக் கரையே நல்ல சாட்சி. பூமியின் காந்த மத்தியகோடு புவியியல் மத்தியகோட்டோடு ஒத்துப்போவதில்லை. நம் பக்கத்தில் அது வடக்கே விலகி, தென்னிந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் அருகாகப் போகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவை இந்தியா ரொக்கற் தளமாகத் தெரிவுசெய்து 1963 நவம்பரில் முதல் ரொக்கற்றை ஏவியதற்குக் காரணமே அந்தக் கோடுதான். மட்டக்களப்பும் அம்பாறையும் அதற்குக் கிட்டவே கிடக்கின்றன. காந்தப்புலத்தின் காவல் உலகிலேயே மிகப் பலமாக இருக்கும் பட்டைக்குள் நாம் வாழ்கிறோம். ஏறத்தாழ 16 ஜிகா இலத்திரன்வோல்ட்டுக்குக் குறைந்த சக்தியுள்ள புரோத்தன் எதுவும் நம் தலைக்கு மேல் செங்குத்தாக வந்து வளிக்குள் நுழைய முடியாது. துருவங்களில் அந்தத் தடையே இல்லை.

இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கடல் மட்டத்தில் நோர்வேக்காரர் நம்மை விடப் பல மடங்கு கதிர்ப்பு வாங்கவேண்டுமே? வாங்குவதில்லை. கடல் மட்டத்தில் முயோனும் இலத்திரனும் தரும் அயனாக்கம் இரு இடங்களுக்கும் இடையே பத்துச் சதவீதமளவுதான் வேறுபடுகிறது. நியூத்திரன்கள் அதைவிடக் கூட வேறுபடும், ஆனால் மொத்தத்தில் அவற்றின் பங்கு சிறிது. காந்தப்புலம் திருப்பி அனுப்பும் அந்தக் குறைந்த சக்தித் துணிக்கைகள், அனுமதித்திருந்தாலும் 1,030 கிராம் வளியைத் தாண்டி வந்திருக்கமாட்டா. விமான உயரத்துக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே துருவப் பக்கத்துக்கும் நம் பக்கத்துக்கும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் உண்டு. வளி தடித்த இடத்தில் காந்தப்புலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய மாற்றமில்லை. வளி மெலிந்த இடத்தில்தான் அதன் அருமை தெரியும். வெள்ளியின் 50 கிலோமீற்றரில் அதை இழந்ததால் எதுவும் குடிமுழுகிப் போவதில்லை. 65 கிலோமீற்றரில் இழப்பு உறைக்கும். மேலே சொன்ன வாதம் இந்த இரண்டு உயரங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது.

செவ்வாய் இதற்கு நேர் எதிர். அங்கேயும் கோள் முழுவதுக்குமான காந்தப்புலம் கிடையாது, ஆனால் ஆபத்து அதனால் மட்டும் வருவதல்ல. கியூரியோசிற்றி ஊர்தி நிற்கும் கேல் பள்ளத்தில் தலைக்கு மேலுள்ள வளி சதுர சென்ரிமீற்றருக்கு 20 கிராமளவுதான். இது எவ்வளவு சிறிது என்பதை மட்டக்களப்புக்காரருக்கு விளக்குவது சுலபம். 1978 நவம்பர் சூறாவளியை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அப்படியொரு சூறாவளியின் மையம் கடக்கும்போது அமுக்கம் 50 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், நம் தலைக்கு மேலிருந்து குறைந்துபோகும் வளி மட்டும் சதுர சென்ரிமீற்றருக்கு 51 கிராம். செவ்வாயில் உள்ள மொத்த வளியைப் போல இரண்டரை மடங்கு!

செவ்வாயின் எண்கள் அளந்து பெற்றவை என்பதால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. கியூரியோசிற்றியில் ராட் என்ற சிறு கதிர்ப்புமானி இருக்கிறது. எடை ஒன்றரைக் கிலோதான். பயணத்தின்போதே அது வேலை செய்தது. கலத்துக்குள் நாளொன்றுக்கு 1.84 மில்லிசீவேட். 2012 ஓகஸ்டில் இறங்கிய பின், நிலத்தில் நாளொன்றுக்கு 0.67. ஏன் குறைந்தது? நிலத்தில் நிற்பவருக்குக் கீழிருந்து வரும் பாதிக் கதிர்ப்பைக் கோளே மறைத்துவிடுகிறது. 1.84இன் பாதி 0.92. மிச்சக் குறைவுக்கு அந்த 20 கிராம் வளியும், கலத்துக்கும் திறந்த நிலத்துக்கும் உள்ள வேறுபாடும், சூரியனின் அப்போதைய நிலையும் பொறுப்பு. 0.67ஐ ஆண்டுக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 245 மில்லிசீவேட், நம் இயற்கைச் சராசரியின் நூறு மடங்கு. நாசா ஒரு விண்வெளி வீரருக்குப் பணிக்காலம் முழுவதுக்கும் வைத்திருக்கும் எல்லை 600 மில்லிசீவேட். செவ்வாய் நிலத்தில் இரண்டரை ஆண்டு இருந்தால் அது முடிந்துவிடும், போகவரச் செலவாவதைச் சேர்க்காமலே.

ராட் காட்டிய ஒரு சிறு விபரம் எனக்கு மிகவும் பிடித்தது. கேல் பள்ளத்தில் பகலிரவாக அமுக்கம் பத்துச் சதவீதமளவு ஏறி இறங்குகிறது. அமுக்கம் ஏறும் நேரத்தில் கதிர்ப்பு சில சதவீதம் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. கிராம் கணக்கு சரிதான் என்பதை அந்தக் கோளே நாள்தோறும் எழுதிக்காட்டுகிறது. நம் ஊரிலும் இதே அசைவு உண்டு. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் பாரமானி உச்சத்துக்கு வரும், இடையில் இறங்கும். வித்தியாசம் மூன்று ஹெக்டோபாஸ்கலளவு என்பதால், ஆயிரத்துக்கு மேலே நிற்கும் நமக்கு அது உறைப்பதில்லை.

மருந்தளவைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். கிரே என்பது ஒரு கிலோகிராம் இழையத்தில் எத்தனை யூல் சக்தி இறங்கியது என்பதை மட்டும் சொல்லும். அதே சக்தியை எக்ஸ்ரே இறக்கினால் வரும் சேதம் வேறு, இரும்புக் கரு இறக்கினால் வரும் சேதம் வேறு. அந்தக் கனத்தைச் சேர்த்த பின்தான் சீவேட். செவ்வாய் நிலத்தில் நாளொன்றுக்கு 0.21 மில்லிகிரே, அதை மூன்றுக்குச் சற்று அதிகமான எண்ணால் பெருக்கித்தான் 0.67 என்ற சீவேட் எண்ணுக்கு வருகிறோம். பயணத்தில் பெருக்கும் எண் நான்குக்குக் கிட்ட வரும், ஏனெனில் அங்கே பாரமான கருக்கள் உடையாமல் வருகின்றன. செய்திகள் இரண்டு அலகையும் மாற்றி மாற்றிப் போடுகின்றன. அலகு சொல்லாத எண்ணை, எந்த உயரம் என்றும் எந்த ஆண்டு என்றும் சொல்லாத எண்ணை, நான் நம்புவதில்லை. மாணவர்களும் நம்பக்கூடாது.

எந்த ஆண்டு என்று கேட்பதற்குச் சூரியன் காரணம். பதினொரு ஆண்டுச் சுழற்சியில் சூரியன் உக்கிரமாக இருக்கும்போது அதன் காந்தம் கலந்த காற்று அண்டக்கதிரைத் தள்ளிவிடுகிறது. ஓய்ந்திருக்கும்போது அதிகம் உள்ளே வருகிறது. வொயேஜர் 1 கலம் 2012 ஓகஸ்டில் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து, தடையில்லாத அண்டக்கதிர் எவ்வளவு என்று நேராகவே அளந்து காட்டியது. இன்றைய கணினி மாதிரிகள் அங்கிருந்து தொடங்குகின்றன. விண்மீன்வெளித் துணிக்கைகளின் பரம்பலை எடுத்து, சூரியச் சுழற்சிக்கேற்பக் குறைத்து, காந்தப்புலம் இருந்தால் அதையும் கழித்து, ஜீயன்ற்4 போன்ற செயலியில் ஒவ்வொரு துணிக்கையாகக் கோளின் வளிக்குள் விடுகிறார்கள். இலட்சக்கணக்கான துணிக்கைகளின் மோதல்களைக் கூட்டினால் ஒவ்வொரு உயரத்துக்கும் ஓர் அளவு கிடைக்கிறது. வெள்ளியில் அயனாக்க உச்சம் 63 கிலோமீற்றர் அளவில் வருவதாக 2015இல் நொர்ட்ஹைமின் குழு கண்டது. நம் கிராம் கணக்கில் அது 160 அளவு. பூமியின் உச்சத்துக்கு வெகுதூரமில்லை. வளி நைதரசனா காபனீரொட்சைட்டா என்பது இங்கே சிறு திருத்தம் மட்டுமே.

சூரியப் புயலை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 2024 மே 20இல் வந்த புயல் செவ்வாய் நிலத்தில் 8,100 மைக்ரோகிரே இறக்கியது, ஒரே வீச்சில் முப்பது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்ததற்குச் சமம் என்று நாசா சொன்னது. இவ்வளவுக்கும் அது கொன்றுவிடும் அளவு அல்ல. வெள்ளி சூரியனுக்கு இன்னும் கிட்டே, பூமியின் தூரத்தில் 0.72 பங்கில் இருப்பதால் அதே புயல் அங்கே பூமியருகே விழுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக விழும். ஆனால் அந்தத் துணிக்கைகளில் பெரும்பாலானவை மேலேயுள்ள மெல்லிய வளியிலேயே நின்றுவிடும். 1956 பெப்ரவரியில் வந்ததுபோன்ற அபூர்வமான வலிய புயல்தான் 60 கிலோமீற்றருக்குக் கீழும் கை நீட்டும்.

வெள்ளியின் நிலத்துக்கே இறங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே தலைக்கு மேல் 1,00,000 கிராமுக்கும் அதிகம். கடலுக்கடியில் ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் நிற்பதற்குச் சமம். அண்டக்கதிர் ஏறக்குறைய இல்லை. மிச்சமிருப்பது கல்லில் உள்ள கதிர்த்தொழிற்பாடு. 1972 யூலையில் இறங்கிய வெனேரா 8, அங்குள்ள பாறையில் பொற்றாசியம், யுரேனியம், தோரியம் மூன்றையும் காமாக் கதிர் வழியாக அளந்தது. நம் கருங்கல்லின் அளவுக்குக் கிட்டத்தான். சனியின் துணைக்கோளான தைத்தன் இன்னொரு நல்ல பயிற்சி. அமுக்கம் நம்முடையதைப் போல ஒன்றரை மடங்குதான், ஆனால் ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு. வகுத்தால் 10,800 கிராம், நம்மைப் போல பத்து மடங்கு மறைப்பு.

வெள்ளியின் மேகங்களுக்குள் இதுவரை மிதந்தவை வேகாவின் இரண்டு பலூன்கள் மட்டுமே. அவை வெப்பநிலை, அமுக்கம், காற்று, மேகத்துளி, வெளிச்சம் ஆகியவற்றை அளந்தன. கதிர்ப்புமானி ஏதும் அவற்றில் இருக்கவில்லை. செவ்வாயில் கணக்கையும் அளவையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க முடிந்தது. வெள்ளியில் இன்னும் கணக்கு மட்டும்தான். அடுத்து யாராவது அங்கே பலூன் அனுப்பினால், ராட் அளவிலான ஒரு கருவியையும் அதோடு அனுப்பவேண்டும் என்பது என் விருப்பம். மிதக்கும் உயரம் மாறமாற அமுக்கத்தையும் கதிர்ப்பையும் சேர்த்துப் பதிந்தால், ஒரு கிராமுக்கு எவ்வளவு குறைகிறது என்ற கோடு இரண்டு நாட்களுக்குள்ளேயே வரைபடத்தில் விழுந்துவிடும்.